இடம் குறிக்காத மூன்று பெயர்கள்

என் தந்தை இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டில், அவர் ஒருநாளும் பார்க்காத வேலை ஒன்றை அவர் பார்த்ததாக அச்சிட்டிருந்தது. சங்கக் கடையில் மனேஜராக இருந்து அப்பழுக்கற்ற சேவை செய்தாராம். என் தந்தை வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் நட்டவர். சங்கக் கடைப் படியை அவர் மிதித்தது அரிசி வாங்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும்தான்.

கல்வெட்டு என்று இங்கே நாங்கள் சொல்வது ஒரு சிறிய புத்தகத்தை. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, சில தேவாரங்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். சாப்பாடு முடிந்து புறப்படுகிறவர்களின் கையில் ஒன்று கொடுத்து அனுப்புவோம். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த எனக்கு மற்ற வகைக் கல்வெட்டுகளும் பழக்கம். கோயில் சுவரிலும் உடைந்த தூணிலும் இருப்பவை. படித்த காலம் முழுவதும் அவற்றின் மைப்படிகளோடுதான் இருந்தேன். அரசனைப் புகழும் நீண்ட வரிகளைக் கண்டு மயங்காதே, அவை ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு அப்படியே வருபவை, எந்த இடத்தில் வழக்கமான சொல் மாறுகிறது என்று பார், அங்கேதான் ஒரு மனிதர் இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

என் தந்தைக்கு அது விளங்கவில்லை. "கல்லிலை கிடக்கிறதை வாசிச்சு ஆருக்குப் பிள்ளை பிரயோசனம்?" என்று ஒருமுறை கேட்டார். இளக்காரமாகக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

பட்டம் கிடைத்து வருடங்கள் போயின. வேலை கிடைக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் சேர்ந்து அரச அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் பந்தல் போட்டு, மட்டைகளில் கோரிக்கை எழுதிப் பிடித்துக்கொண்டு இருந்தோம். ஒரு மத்தியானம் என் தந்தை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தேத்தண்ணிப் போத்தல். எனக்கும் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். நான் பிடித்திருந்த மட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அன்று நான் வீட்டுக்கு வந்ததும், "வெயிலுக்கை இருக்கேக்கை தொப்பி ஒண்டைப் போடு," என்றார். அவ்வளவுதான். அந்த வருடமே ஒரு காலை, வெங்காயத் தறையில் பாத்திக்குப் பாத்தி நீர் மாறிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் ஓரத்தில் சரிந்துவிட்டார். அவர் கண்மூடும்போது நான் எந்த வேலையிலும் இருக்கவில்லை.

கல்வெட்டில் இருந்த பிழையை நான் காட்டியபோது என் தாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விடு பிள்ளை," என்றார். "அவருக்கும் ஒரு உத்தியோகம் இருந்திருக்கட்டுமன்."

என்னால் விட முடியவில்லை. கொக்குவிலில் ரயில் பாதைக்கு அருகே இருந்த அந்த அச்சகத்துக்கு மறுநாளே போனேன். முதலாளி புத்தகத்தை வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். முந்தின வாரம் செத்த வேறொருவரின் வரலாற்றை எடுத்துப் பெயரை மாற்றியிருந்தார்கள். ஒரு வரியை அழிக்க மறந்துபோனார்கள்.

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரித்தான் தங்கச்சி எழுதுறது. இரக்க குணம், விருந்தோம்பல், தெய்வ பக்தி. சனம் அதைத்தான் கேக்குது."

"எங்கடை அப்பா கோயிலுக்கே போறேல்லை," என்றேன். "தேர் அண்டைக்கு மட்டும் போய் வடம் பிடிப்பார். பேந்து கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வருவார்."

முதலாளி புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "அப்ப நீர் எழுதித் தாருமன். இஞ்சை எழுத ஆக்கள் இல்லை."

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

செத்த வீட்டுக்காரர் யாரும் முதலில் ஒன்றும் சொல்வதில்லை. "அம்மா எப்பிடிப்பட்டவ?" என்று கேட்டால், "நல்லவ," என்பார்கள். அதற்குமேல் அழுகைதான் வரும். கிராமங்களுக்குப் போய் முதியவர்களிடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கப் பழக்கியபோது, பெரிய கேள்வியைக் கேட்காதே, கையால் தொடக்கூடிய ஒன்றைப் பற்றிக் கேள் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, வெறுமையை நீ நிரப்பாதே, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வை என்றும். பரீட்சைக்காகப் பாடமாக்கிய அவைதான் இப்போது எனக்குத் தொழில். "அம்மா விடிய எழும்பினதும் முதல் என்ன செய்வா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு இருப்பேன். சில வீடுகளில் நெடுநேரம் இருப்பேன். பிறகு யாராவது ஒருவர் கதைக்கத் தொடங்குவார். கொஞ்சக் காலத்தில், "அந்தச் சரித்திரம் படிச்ச பிள்ளை எழுதுமோ?" என்று கேட்டுக்கொண்டு சனம் வந்தது. அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும், இதைக் கேட்க என் தந்தை இல்லையே என்று நினைப்பேன்.

பருத்தித்துறையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்ல நினைத்தது.

முதலில் வந்தவர் இளைய மகன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை செய்யும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பொடியன். தாய் இறந்துவிட்டார், அக்கா லண்டனிலிருந்து வந்து நிற்கிறார் என்றார். கொஞ்சம் தயங்கி, "ஒரு பிரச்சினை இருக்கு அக்கா. நீங்கள் வீட்டை வந்தால் நல்லம்," என்றார்.

நான் பஸ் ஏறிப் போனேன். ஓட்டு வீடு, கடலிலிருந்து அதிக தூரமில்லை. தகப்பன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கதிரையில் உட்கார்ந்து அதன் அறுந்த பின்னலை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். மகள் தன் கைபேசியில் எழுதி வைத்திருந்ததை எனக்குக் காட்டினார். பிள்ளைகளின் பெயர்கள் வரும் வரி அது. மூத்தது அவர், அடைப்புக்குறிக்குள் லண்டன். கடைசி அந்தத் தம்பி, அடைப்புக்குறிக்குள் பருத்தித்துறை. நடுவில் இன்னொரு பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

நடுவிலான் ரேடியோ திருத்துகிற வேலை பழகியவர். சண்டைக் காலத்தில் ஒரு காலை யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இளையவருக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து தாய் அவருடைய படத்தைக் கொண்டு போகாத கந்தோர் இல்லை, முகாம் இல்லை. பிறகு பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு தெருவோரப் பந்தலிலும் போய் இருந்தார். இறப்பதற்கு முந்திய மாதம் வரைக்கும் இருந்தார்.

"அம்மா இருந்தால் இந்தச் சொல்லைப் போட விட்டிருப்பாவோ அக்கா?" என்று தம்பி தமக்கையைக் கேட்டார்.

"அம்மா இல்லைத்தானே. அதுக்குத்தான் சொல்லுறன்." மகளின் குரல் உயர்ந்து உடைந்தது. "அவனுக்கு ஒரு கிரியை இல்லை. ஒரு பிடி எள்ளுத் தண்ணி இல்லை. எத்தினை வருஷத்துக்கு அவன் அப்பிடியே அந்தரிச்சுக்கொண்டு திரியிறது? அம்மாவோடை சேத்து அவனுக்கும் கீரிமலையிலை செய்வம். எனக்கும் நித்திரை வேணுமடா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். இருவருமே அந்தப் பெயருக்கு உரியவரை நேசித்தவர்கள். யாருடைய பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தகப்பன் பக்கம் திரும்பினேன். மகனைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஐயா, அம்மா விடிய எழும்பினதும் முதல் என்ன செய்வா?"

அவர் பின்னலை நோண்டுவதை நிறுத்தவில்லை. நான் காத்திருந்தேன்.

"கேற்றைத் திறப்பா," என்றார் அவர் கடைசியில். "இரவிலை பூட்டுறது நான். விடியத் திறக்கிறது அவ. முகம் கழுவ முதல், அடுப்பு மூட்ட முதல். அவன் வந்தால் வெளியிலை நிண்டு தட்டக் கூடாதாம்." பிறகு, "அவ போன அண்டைக்கும் திறந்து போட்டுத்தான் வந்து படுத்தவ," என்றார்.

மகள் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அங்கிருந்து அவர் அழுவது கேட்டது. தம்பி எழுந்து அவரிடம் போனார். நானும் ஐயாவும் மட்டும் இருந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு வரியைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டு வந்தேன். 'காலஞ்சென்ற' என்று எழுத என்னிடம் சான்று இல்லை. சான்றில்லாததை எழுதக் கூடாது என்பது எனக்குள் ஊறிப்போன ஒன்று. வெறும் பெயரை மட்டும் விட்டால், ஒரு பக்கத்தில் லண்டனும் மறு பக்கத்தில் பருத்தித்துறையும் இருக்க, நடுவில் இருக்கும் பெயருக்கு மட்டும் இடமிராது. வாசிக்கிறவர் கண் அங்கேதான் போய்க் குத்தி நிற்கும். 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று எழுதலாம். அந்தத் தாய் அப்படித்தான் பந்தலில் எழுதிப் பிடித்திருந்தார். ஆனால் மகளுக்கு அது ஆறாத புண்ணைச் சனம் எல்லாருக்கும் முன்னால் திறந்து காட்டுவது போல இருக்கும். பஸ் வல்லைவெளியைக் கடக்கும்போது அந்த வரியை இலக்கணமாகப் பிரித்துப் பார்த்தேன். 'இவர்களின் அன்புத் தாயாரும்' என்று முடிகிற வரி அது. தாயைப் பற்றிய வரி. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்று அந்த வரி சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அடைப்புக்குறிகளை நாங்கள்தான் பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

மகள் அச்சகத்துக்கு வந்தபோது நான் அச்சுப் படியை அவரிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவர் அந்த வரியில் நின்றார்.

"எங்கடை இடங்கள் எங்கை தங்கச்சி?"

"எடுத்திட்டன் அக்கா. மூண்டு பேருக்கும் பேர் மட்டும்தான்."

"லண்டன் எண்டு போடாட்டில் சனம்..." என்று தொடங்கினார். விரலால் மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். ரயில் ஒன்று போய் முடியும் வரைக்கும் அப்படியே இருந்தார். "சின்னனிலை ரேஷன் மட்டையிலை இப்பிடித்தான் இருந்தனாங்கள். ஒருத்தருக்குக் கீழை ஒருத்தர்," என்றார். "இருக்கட்டும். இப்பிடியே அடியுங்கோ."

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்தபோது நான் அங்கே இல்லை. பிறகு தம்பி சொல்லித்தான் அறிந்தேன். காணாமல் போனவருக்குச் செய்யாமல் விடக் கடைசி நேரம் வரைக்கும் அக்காவுக்கு மனம் கேட்கவில்லையாம். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது அவர் தகப்பனைப் பார்த்தாராம். தகப்பன், "அவவுக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாராம். அக்கா கேணிப் படியில் போய் இருந்துவிட்டாராம். அடுத்த கிழமை அவர் லண்டனுக்குப் போய்விட்டார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகல் அந்த ஐயா குடையோடு தனியாக அச்சகத்துக்கு வந்தார். கல்வெட்டு இன்னும் கொஞ்சம் வேண்டுமாக்கும் என்று முதலாளி எழுந்தார்.

"இல்லை. உந்தப் பிள்ளையோடைதான் கதைக்க வேணும்," என்றார் அவர். என் மேசைக்கு முன்னால் இருந்து குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அண்டைக்கு அவவைப் பற்றிக் கேட்டனீரல்லோ. பெடியனைப் பற்றி ஒருத்தரும் உப்பிடிக் கேட்டதில்லை."

"என்ன கேட்டவை ஐயா?"

"எப்ப போனவன், என்ன உடுப்பு, ஆர் கடைசியாக் கண்டது. எங்கை போனாலும் அதுதான். நாங்களும் சொல்லிச் சொல்லி, இப்ப அவனை நினைச்சால் அந்த நீலச் சேட்டுத்தான் பிள்ளை முன்னாலை வருது. முகம் வருகுதில்லை."

கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். வேறு யாருக்கும் இதைப் போட்டுக் காட்டலாமா என்றும் கேட்டேன். அப்படிக் கேட்க வேண்டும் என்பதும் படித்ததுதான்.

"பிள்ளையள் கேட்டால் குடும். ஆனா அதுகள் கேக்காதுகள். அதுகளுக்கு நோகும்."

"அவர் என்னத்துக்கு ஐயா சிரிப்பார்?"

முதலில் ஐயாவே சிரித்தார். மகன் அயல் வீட்டு ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டினால் எப்போதும் ஒரு திருகாணி மிஞ்சுமாம். 'பாட்டுக்கு அது தேவையில்லை அப்பா' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாராம். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். ஒருமுறை சீனிப் போத்தலுக்குள் எறும்பைக் கண்டதிலிருந்து விட்டுவிட்டாராம். பின்னேரங்களில் சின்னத் தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவாராம். போகும் வழியெல்லாம் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி குரலை மாற்றித் தெருவில் வருகிறவர் போகிறவரைப் பற்றிச் செய்தி வாசிப்பாராம். சின்னவன் விழுந்து விழுந்து சிரிப்பானாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் இடையில் மறிக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும், இதை எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். எழுதினால் அது கல்வெட்டாப் போயிடும்." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒருத்தர் கேட்டதே எனக்குப் போதும். போட்டு வாறன் பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், போன மாதம் அந்தத் தம்பி வந்தார். மெலிந்திருந்தார். தகப்பனுக்கு மறதி வந்துவிட்டது என்றார்.

"என்னை அண்ணையின்ரை பேர் சொல்லித்தான் கூப்பிடுறார். முதல்லை திருத்திப் பாத்தன். 'அப்பா, நான் சின்னவன்' எண்டு சொன்னன். அப்ப, 'அவன் எங்கை?' எண்டு கேக்கிறார். ஒவ்வொருக்காலும் புதுசாக் கேக்கிறார் அக்கா. புதுசா அழுறார். அதாலை இப்ப திருத்திறேல்லை. அண்ணை மாதிரியே இருக்கிறன்."

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஆனா எனக்கு அண்ணையை அவ்வளவாத் தெரியாது. நேற்றுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க, 'எப்பவடா சீனி போடத் தொடங்கினனி?' எண்டு கேக்கிறார். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அக்காவிட்டைப் போனிலை கேட்டால் அவ அழத் தொடங்கிவிடுறா. அப்பா உங்களிட்டை வந்து கதைச்சவர் எண்டு முதலாளி சொன்னவர். என்ன கதைச்சவர் எண்டு..."

பிள்ளைகள் கேட்டால் கொடுக்கச் சொல்லியிருந்தார். நான் கைபேசியை எடுத்து அந்தப் பதிவைத் தேடி, காதில் மாட்டிக் கேட்கும் வயரையும் கொடுத்தேன். அச்சு இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். அவர் நிறுத்தினார்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து கேட்டார். ஓரிடத்தில் சிரித்தார். திருகாணியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவருடைய தோள்கள் அசைவதை நிறுத்தின. காதிலிருந்ததை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏத்திக்கொண்டு போனவரோ? ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். அப்பிடித்தான் ஐயா சொன்னவர்."

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை அக்கா." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. வழிய விட்டார். "இந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ."

நான் போட்டேன். அவர் கேட்டார். பிறகும் கேட்டார். முழுப் பதிவையும் அவருடைய கைபேசிக்கு அனுப்பி வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"அக்கா, அப்பா பழைய ரேடியோ ஒண்டை எடுத்து வைச்சுக்கொண்டு திருத்தித் தா எண்டு நிக்கிறார். பின்பக்கம் கழட்டுறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"பழகத்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.